அஞ்சேல் என்ற வாக்கு

சென்னையில் 2024 ஜனவரி 7, 8 தேதிகளில் நடந்த உலக முதலீட்டாளர் மாநாட்டில் 631 புரிந்துணர்வு ஒப்பந்தங்கள் கையெழுத்தாயின. அவற்றின் மதிப்பு 6.64 லட்சம் கோடி ரூபாய் என்று அரசு அறிவித்தது. இத்தகைய மாநாடுகளில் விருந்தினருக்கு எடுத்துச் சொல்லப்படுபவை நமக்குப் பழகியவைதாம்: நிலம் தயாராக இருக்கிறது, மின்சாரம் தடைபடாது, துறைமுகம் பக்கத்தில், படித்த பிள்ளைகள் ஏராளம், அனுமதிகளெல்லாம் ஒற்றைச் சாளரத்தில். இத்தனை சொற்களுக்கும் அடியில் ஒரு சொல் கிடக்கிறது. முன்பின் தெரியாத மண்ணில் பணத்தைக் கொண்டுவந்து போடப்போகிறவனுக்கு முதலில் வருவது அச்சம். அவனை அழைக்கும் நாடு அவனிடம் சொல்வது, அஞ்சாதே என்பது. கோயில் சிலையின் வலக்கை சொல்வதும் அதையேதான். அபயம் என்று மரபு அதற்குப் பெயர் வைத்திருக்கிறது. ஆகவே முதலீட்டாளரை அழைப்பதை வெறும் பொருளியல் காரியமாக என்னால் பார்க்க முடியவில்லை. அது அபயம் தரும் செயல். அபயத்துக்கு அறமும் உண்டு, அளவும் உண்டு. எந்த அச்சத்திலிருந்து ஒருவனுக்கு அபயம் தரலாம்? யார் செலவில் தரலாம்?

இந்தக் கேள்வியைத் தேங்காய்ப்பட்டணத்தில் நின்று கேட்பதற்குக் காரணம் இருக்கிறது. குமரி மாவட்டத்தில் குழித்துறைத் தாமிரபரணி கடலில் விழும் பொழிமுகத்து ஊர் அது. அரபு வணிகர்களின் கப்பல்கள் வந்துபோன துறை. அங்குள்ள பழைய கல் பள்ளிவாசலின் தொடக்கத்தை இசுலாமியப் பெரியார் மாலிக் இப்னு தீனாரின் வருகையோடு இணைத்து ஊர் மரபு பேசுகிறது. கயிறும் கருவாடும் இந்தக் கரையிலிருந்து கடல் தாண்டிப் போயின. இவ்வூரில் பிறந்த தோப்பில் முஹம்மது மீரான், கொழும்புச் சந்தையை நம்பி மீன் அனுப்பிக் கெட்ட சிறு வியாபாரிகளைப் பற்றி எழுதிய நாவலின் பெயரே ‘துறைமுகம்’. அந்நியரோடு கொடுக்கல் வாங்கல் செய்வது இங்கே புதிய கொள்கை அல்ல, பல நூறு ஆண்டுப் பிழைப்பு. வருகிறவனுக்கு நம்பிக்கை கொடுப்பது எப்படி, அந்த நம்பிக்கைக்கான விலை எவன் தலையில் விழும் என்ற இரண்டையும் பட்டு அறிந்த கரை இது.

வருகிற வணிகனுக்குத் தரப்பட்ட அபயத்துக்கு மிகத் தெளிவான பழைய சாட்சி ஆந்திரக் கரையிலுள்ள மோட்டுப்பள்ளியில் இருக்கிறது. காகதிய மன்னர் கணபதிதேவர் 1244ஆம் ஆண்டு வாக்கில் அங்கே ஒரு அபய சாசனம் வெட்டுவித்தார். புயலில் சிக்கிக் கரை ஒதுங்கும் கப்பல்களின் சரக்கையெல்லாம் முந்தைய அரசர்கள் பறித்துக்கொண்டார்கள். நாம் அப்படிச் செய்யமாட்டோம், உரிய தீர்வையை மட்டும் வாங்குவோம் என்பது அதன் சாரம். ஏற்றுமதி இறக்குமதிக்கு முப்பதில் ஒரு பங்கு என்று விகிதமும் சொல்லப்பட்டிருக்கிறது. உயிரைவிடப் பொருளைப் பெரிதாக எண்ணிக் கடல் பயணத்தின் ஆபத்தை ஏற்று வருகிறவர்கள் என்று வணிகர்களைக் குறிப்பிட்டு, அவர்கள்மேல் கொண்ட இரக்கத்தாலும் அறம் கருதியும் புகழ் கருதியும் இதைச் செய்வதாக அந்தச் சாசனம் காரணம் கூறுகிறது. இந்தச் சாசனம் தரும் வாக்கையும் தராத வாக்கையும் பிரித்துப் பார்க்கவேண்டும். அரசனின் கொள்ளையிலிருந்து வணிகனுக்கு விடுதலை உண்டு. புயலிலிருந்து இல்லை. சரக்கு விற்காமல் போனால் ஈடு தருவதாக ஒரு சொல்லும் இல்லை. அநியாயம் நேருமோ என்பது ஓர் அச்சம், நட்டம் வருமோ என்பது இன்னோர் அச்சம். முதலாவதை நீக்குவது அரசனின் கடமை என்று கணபதிதேவர் எண்ணினார். இரண்டாவதை வணிகனிடமே விட்டுவைத்தார். முதலீட்டை அழைப்பதன் அறம் முழுவதும் இந்த இரண்டு அச்சங்களையும் குழப்பிக்கொள்ளாமல் இருப்பதில் அடங்கியிருக்கிறது என்பதே நான் சொல்ல வருவது.

சமயங்கள் இந்த வேறுபாட்டை அறிந்தே இருந்தன. இசுலாமிய மரபில் அந்நியனுக்குத் தரும் பாதுகாப்பு வாக்குக்கு அமான் என்று பெயர். பகைக் கூட்டத்தைச் சேர்ந்தவனே அடைக்கலம் கேட்டாலும் அவனைப் பத்திரமான இடத்தில் சேர்க்கவேண்டும் என்கிறது குர்ஆன். உயிரும் பொருளும் இவ்வளவு உறுதியாகக் காக்கப்படும் அதே மரபில், பணத்துக்கு முன்கூட்டியே நிச்சயித்த ஆதாயம் வட்டி என்று விலக்கப்படுகிறது. ஒருவர் முதல் போட இன்னொருவர் உழைக்கும் முளாரபா என்ற கூட்டில், நட்டம் வந்தால் பணம் போட்டவருக்குப் பணம் போகும், உழைத்தவருக்கு உழைப்பு போகும். நட்டத்துக்குப் பொறுப்பேற்பவனுக்கே லாபம் உரியது என்பது அச்சட்ட அறிஞர்கள் ஆதாரமாகக் கொண்ட விதி. கிதாபைத் திறக்காமலே இதைக் கடற்கரையில் கண்ணால் பார்க்கலாம். வள்ளம் கரையேறி மீன் ஏலம் போனதும் எண்ணெய்ச் செலவு கழித்து வள்ளத்துக்கும் வலைக்கும் ஆளுக்கும் பங்கு பிரிக்கிறார்கள். பாடு இல்லாத நாளில் வள்ளக்காரருக்கும் ஒன்றுமில்லை. வள்ளக்காரருக்கு மட்டும் தினமும் இத்தனை ரூபாய் நிச்சயம், குறைந்ததை மடி இழுத்தவர்கள் கைக்காசிலிருந்து போடவேண்டும் என்று யாராவது சட்டம் கொண்டுவந்தால் எந்தக் கரையும் அதை ஒப்பாது.

நட்டம் என்பது வாக்குக் கொடுத்தால் கரைந்துபோகும் பொருள் இல்லை. ஒருவரிடமிருந்து எடுத்தால் இன்னொருவரிடம் வைத்தாகவேண்டும். சிபிச் சக்கரவர்த்தி கதையின் உயிர் இங்கேதான் இருக்கிறது. அடைக்கலம் புகுந்த புறாவை விட்டுக்கொடுக்க மாட்டேன் என்கிறார் அரசர். பசித்த பருந்து, எனக்கு உரிய இரையைப் பறிப்பது என்ன அறம் என்று கேட்கிறது. பருந்தின் கேள்வி நியாயமானது என்பதை அரசர் மறுக்கவில்லை. தராசைக் கொண்டுவரச் சொல்லித் தன் தொடையை அரிந்து வைக்கிறார். அரண்மனைச் சமையற்காரனின் தொடையை அவர் அரிந்திருந்தால் இந்தக் கதையை எவரும் நினைவில் வைத்திருக்கமாட்டார்கள். கொடுத்த அபயத்துக்கான விலையைக் கொடுத்தவரே தம் உடம்பிலிருந்து தந்ததால்தான் அது அறமாயிற்று. நம் காலத்து அரசுக்கு இதில் ஒரு பெரிய சிக்கல் உண்டு. அதற்குத் தனியாகத் தொடை கிடையாது. அது அரியும் தசை எல்லாம் யாரோ ஒரு குடிமகனுடையது: ஒருவரின் நிலம், ஒருவரின் கடற்கரை, ஒருவர் கட்டும் மின்கட்டணம். எனவே அரசு அபயம் தருமுன் தசைக்கு உரியவரைக் கேட்கக் கடமைப்பட்டிருக்கிறது.

கேட்கத்தான் வேண்டுமா என்று வாதிடுவோருக்குத் தேங்காய்ப்பட்டணத்திலிருந்து சில கிலோமீட்டரில் ஒரு பதில் இருக்கிறது. முஞ்சிறைக்கு அருகேயுள்ள பார்த்திவபுரம் விண்ணகரத்தை 866இல் எடுப்பித்தவர் ஆய் மன்னர் கருநந்தடக்கர். அதைச் சொல்லும் செப்பேடு, கோயிலோடு 95 மாணவர்களுக்கான கல்விச் சாலை ஒன்றையும் அவர் நிறுவியதைக் கூறுகிறது. கட்டப்போவது கோயில், கேட்பவர் அரசர். ஆனாலும் உழக்குடிவிளை என்ற அந்த நிலத்தை அவர் எடுத்துக்கொள்ளவில்லை. முஞ்சிறைச் சபையாரிடம் பெற்று, ஈடாக வேறு நிலம் கொடுத்தார் என்று செப்பேடு பதிந்து வைத்திருக்கிறது. அன்றைய சபை எல்லாருக்குமான சபை அல்ல; நிலம் உடையவர்களின் சபை. அந்தக் குறை பெரியது, மறைக்கத் தேவையில்லை. என்றாலும் தெய்வத்துக்கான காரியமே ஆனாலும் உரியவரைக் கேட்டு, ஈடு கொடுத்து, அதை எழுதி வைக்கவேண்டும் என்ற எண்ணம் ஆயிரத்து நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்பே இந்த மண்ணில் ஓர் அரசனைக் கட்டியிருக்கிறது.

பழைய சாசனங்களைக் காட்டிப் பழைய காலம் நேர்மையானது என்று நிறுவப் பார்க்கிறாயா என்று யாரேனும் கேட்டால் அந்தக் கேள்வியை வரவேற்பேன். ஏனென்றால் அதே நூற்றாண்டில் எதிர்ச் சாட்சியும் இருக்கிறது. 849இல் வேணாட்டு அய்யனடிகள் திருவடிகள், கொல்லத்தில் மார் சபீர் ஈசோ எழுப்பிய தரிசாப்பள்ளி என்ற கிறித்தவத் தேவாலயத்துக்கு வழங்கிய செப்பேடுகள் அயலக வணிகருக்கான அழைப்பின் உச்சம் எனலாம். வரிவிலக்குகளும் உரிமைகளும் வாரி வழங்கப்பட்டன. அஞ்சுவண்ணம், மணிக்கிராமம் என்ற வணிகக் குழுக்கள் காவலாக நிறுத்தப்பட்டன. அரபு, பகலவி, எபிரேய எழுத்துகளில் சாட்சிகள் ஒப்பமிட்டார்கள். பல சமயத்தார் ஒரே ஏட்டின் அடியில் கையெழுத்திட்டதை நாம் பெருமையாகப் பேசுகிறோம், பேசவும் வேண்டும். ஆனால் அந்த ஏடு ஈழவர், வண்ணார் முதலிய குடிகளையும் பள்ளிக்கு எழுதிக் கொடுக்கிறது. நிலத்தோடு நிலமாக மனிதர்களும் போனார்கள். அவர்கள்மேல் இருந்த சில வரிகள் நீங்கின என்பது உண்மை. அவர்களைக் கேட்டதாக ஏட்டில் இல்லை. அந்நியனுக்குத் தந்த அபயம் எவ்வளவு விரிந்த மனத்தோடு தரப்பட்டாலும், அதன் செலவு கையெழுத்திடாதவன் கணக்கில் எழுதப்படும் வழக்கமும் அப்போதே இருந்திருக்கிறது. நான் பழைமைக்கு வக்காலத்து வாங்கவில்லை. இரண்டு செப்பேடுகளும் நம் முன்னோருடையவை. எதைப் பின்பற்றுவது என்பது நாம் எடுக்கவேண்டிய முடிவு.

வந்தவனுக்கு நட்ட பயமே இருக்கக்கூடாது என்ற ஏற்பாடு எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்குக் கிழக்கே கொஞ்ச தூரத்தில் இருக்கும் குளச்சலே போதும். டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி இந்தக் கரையின் சிற்றரசர்களிடம் கேட்டது வெறும் பாதுகாப்பு அல்ல. மிளகைத் தனக்கு மட்டுமே, தான் நிச்சயித்த மலிவு விலைக்கே விற்கவேண்டும் என்றது. சந்தையில் விலை ஏறினாலும் தனக்கு ஏறக்கூடாது என்பது இதன் பொருள். 1741 ஆகஸ்டில் திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மாவின் படை குளச்சலில் கம்பெனியைத் தோற்கடித்தது. அதோடு மிளகுக் கொடி வைத்தவனின் அச்சம் தீர்ந்ததா? இல்லை. மன்னரே மிளகு வாணிகத்தை அரசின் ஏகபோகமாக்கினார். விலை சொல்லும் வாய் மாறியது, விளைவித்தவன் நிலை மாறவில்லை. குறை அந்நியனிடம் இருக்கிறது, அவனைத் துரத்தினால் போதும் என்று நம்புகிறவர்கள் குளச்சல் வெற்றித்தூணுக்கு அப்பாலும் பார்க்கவேண்டும். அபயத்தைப் பெறுபவன் எந்த நாட்டான் என்பதைவிட, அதன் சுமை எங்கே இறங்குகிறது என்பதே அறத்தின் கேள்வி.

இந்தச் சுமை இறக்கலை நம் காலம் சட்ட மொழியில் நேர்த்தியாகச் செய்கிறது. மகாராட்டிரத்தில் என்ரான் நிறுவனத்தின் தாபோல் மின்நிலையத்துக்காக 1993இல் போடப்பட்ட ஒப்பந்தம் கண்முன் இருக்கும் பாடம். மின்சாரத்தை வாங்கினாலும் வாங்காவிட்டாலும் நிலையக் கட்டணம் தரவேண்டும், கட்டணம் டாலரோடு கட்டப்பட்டிருக்கும், மாநில அரசு உத்தரவாதம் தரும், அதற்கு மேல் மத்திய அரசு எதிர் உத்தரவாதம் தரும். எரிபொருள் விலை, நாணய மதிப்பு, தேவை குறைவது என்று வணிகனுக்கு வரக்கூடிய அச்சம் ஒவ்வொன்றும் எடுக்கப்பட்டு மின்வாரியத்தின் மடியில் வைக்கப்பட்டது. 2001இல் வாரியத்தால் தாங்கமுடியாமல் போய் நிலையமே நின்றது. நமக்கு மிக அருகே, விழிஞ்ஞம் துறைமுகத்தை 2015இல் கேரள அரசு அதானி குழுமத்திடம் ஒப்படைத்தபோது, வழக்கமான 30 ஆண்டுக்குப் பதில் 40 ஆண்டு உரிமம் கொடுத்தது ஏன் என்று 2017இல் தலைமைத் தணிக்கையாளர் அறிக்கை கேட்டது. அக்குழுமம் அந்நிய நிறுவனம் அல்லதான். ஆனால் அழைப்பின் இலக்கணம் ஒன்றே. 2022இல் திருவனந்தபுரம் லத்தீன் உயர்மறைமாவட்டத்தின் தலைமையில் மீனவர்கள் 130 நாட்களுக்கு மேல் போராடினார்கள். கட்டுமானத்தால் தங்கள் கரை அரிக்கப்படுகிறது என்பது அவர்கள் வாதம். அதற்குத் துறைமுகம் காரணமல்ல என்பது அரசின் பதில். அந்த வழக்கை இங்கே தீர்க்க நான் முயலவில்லை. நான் கவனிப்பது வேறொன்று. துறைமுகம் நட்டப்பட்டால் என்ன என்பதற்கு ஒப்பந்தத்தில் விடை முன்பே இருந்தது. லாபம் கட்டாத இடைவெளியை நிரப்ப மானியம் ஒதுக்கப்பட்டிருந்தது. கரை அரித்து வீடு போனால் என்ன என்பதற்கு விடை தேடத்தான் தெருவில் உட்காரவேண்டியிருந்தது. அந்தத் துறைமுகத்தின் அலைத்தடுப்புச் சுவருக்காகக் குமரி மாவட்டத்து மலைகள் உடைபட்டு லாரி லாரியாக எல்லை தாண்டிப் போனதையும் இங்கே பதிவு செய்யவேண்டும். மலைக்கும் ஒரு கணக்கு இருந்திருக்கவேண்டும்.

தேங்காய்ப்பட்டணத்தை ஒட்டிய இனயத்தில் பன்னாட்டுச் சரக்குப் பெட்டக மாற்றுத் துறைமுகம் அமைக்க 2016 ஜூலையில் மத்திய அமைச்சரவை கொள்கையளவில் ஒப்புதல் தந்தது. கரைமக்கள் எதிர்த்தார்கள். இடம் குமரி மாவட்டத்துக் கோவளத்துக்கும் மணக்குடிக்கும் இடையே மாற்றப்பட்டது. அங்கும் எதிர்ப்பு எழுந்தது. இதைப் பற்றிப் பேசும்போது எதிர்த்தரப்பு கேட்கும் கேள்வி வலுவானது, அதைத் தட்டிக்கழிக்கக் கூடாது. உத்தரவாதம் தராவிட்டால் முதலீடு பக்கத்து மாநிலத்துக்குப் போகும், கொழும்புக்குப் போகும். வேலை இல்லாமல் குமரி மாவட்டத்துப் பிள்ளைகள் வளைகுடாவில் பாலைவன வெயிலிலும் அயலாரின் படகுகளிலும் உழைக்கிறார்கள். வறுமையும் ஓர் அச்சம்தானே, அதிலிருந்து அபயம் வேண்டாமா? வேண்டும். ஆனால் இந்த வாதம் நிறுவுவது முதலீடு தேவை என்பதை மட்டுமே. நட்டத்தை யார் சுமப்பது என்பதில் அது மௌனமாக இருக்கிறது. இன்னொன்றும் உண்டு. ஏழை நாடு போட்டியில் கூடுதலாகக் கொடுத்தே ஆகவேண்டும் என்றால், அந்தப் போட்டியில் எல்லா நாடுகளும் தத்தம் மக்களின் தொடையை எடைக்கு எடை வைத்துக்கொண்டே போகும். தராசு எங்கே நிற்கும்? முதலை நிலைக்கச் செய்வது சலுகை மட்டும் அல்ல. ஓசூரிலும் திருப்பெரும்புதூரிலும் தொழில்கள் வேரூன்றியதற்குப் பாலிடெக்னிக்குகளும் பொறியியல் கல்லூரிகளும் சாலைகளும் சென்னை, எண்ணூர் துறைமுகங்களும் ஆதாரமாக இருந்தன. சலுகையைப் பார்த்து வருகிற முதல், சலுகை தீர்ந்ததும் அடுத்த ஊரைப் பார்க்கும்.

முதலாவது அச்சத்தைப் பொறுத்தவரை என் நிலை இதற்கு நேர் எதிராகக் கறாரானது. அநியாயத்திலிருந்து அந்நியனுக்கு முழு அபயம் தரவேண்டும். அதில் ஒரு இம்மியும் குறையக் கூடாது. கொடுத்த வாக்கை அரசு காக்கவில்லை என்று நிசான் நிறுவனம், தமிழக அரசு தரவேண்டிய ஊக்கத்தொகைக்காக இந்தியாவைப் பன்னாட்டு நடுவர் மன்றத்துக்கு இழுத்தது; 2020இல் சமரசம் ஆயிற்று. அந்தச் சலுகைகள் தேவையா என்று ஒப்பந்தத்துக்கு முன்பு ஆயிரம் முறை கேட்கலாம். கையெழுத்திட்ட பிறகு கொடுத்தே தீரவேண்டும். ஆஸ்திரேலிய நிறுவனமான ஒயிட் இண்டஸ்ட்ரீஸ் தொடுத்த வழக்கில் 2011இல் இந்தியா தோற்றதற்குக் காரணம் இன்னும் ஆழமானது: நம் நீதிமன்றங்களில் வழக்கு ஆண்டுக்கணக்கில் முடியாமல் கிடந்தது என்பதே குறை. அந்தக் குறை முற்றிலும் உண்மை. ஆனால் அதே நீதிமன்றத்தில்தான் நிலம் இழந்தவனும் வள்ளம் இழந்தவனும் காத்துக் கிடக்கிறார்கள். அந்நியனுக்கு மட்டும் வெளிநாட்டில் தனி வாசல் திறந்துவிடுவது, நோய் நம் வீட்டில் இருக்க விருந்தினருக்கு மட்டும் மருந்து கொடுப்பது போல. 2016இல் இந்தியா தன் முதலீட்டு ஒப்பந்த மாதிரியை மாற்றி, முதலில் உள்நாட்டு நீதிமன்றங்களில் ஐந்தாண்டு முயன்ற பிறகே வெளியே போகலாம் என்றது. அந்தத் திசை சரி. ஆனால் உள்நாட்டு நீதி விரைவாகாமல் ஐந்தாண்டு காத்திருக்கச் சொல்வது, இருவரையும் சமமாக அலைக்கழிப்பதாகவே முடியும். அந்நியனும் கரைக்காரனும் ஒரே வாசலில் ஒரே வேகத்தில் நியாயம் பெறும் நாடு வேறு எந்தச் சலுகையும் இல்லாமலே வணிகனை ஈர்க்கும்.

மக்கள் தேர்ந்தெடுத்த அரசு கையெழுத்திட்டால் மக்கள் சம்மதித்ததாகத்தானே பொருள், ஒவ்வொரு ஊரையும் கேட்டுக்கொண்டிருக்க முடியுமா என்பது கடைசி மறுப்பு. அதற்கும் பழைய பதில் ஒன்று உண்டு. 1750இல் மார்த்தாண்ட வர்மா தன் நாட்டையே திருவனந்தபுரம் பத்மநாபருக்கு அர்ப்பணித்து, பத்மநாபதாசர் என்ற பெயரில் ஆண்டார். அதில் அரசியல் கணக்கு இருந்தது என்று சொல்லும் வரலாற்றாசிரியர்கள் உண்டு. இருக்கட்டும். ஆள்பவன் உடையவன் அல்ல, பொறுப்பாளன் மட்டுமே என்ற கருத்தை திருப்படித்தானம் எனப்படும் அந்த அர்ப்பணம் ஊரறியச் சொன்னது. பொறுப்பாளனுக்குச் சொத்தைப் பராமரிக்க அதிகாரம் உண்டு; ஒரு பங்காளியின் பங்கை இன்னொருவனின் நட்டத்துக்கு ஈடாக அடகு வைக்க அதிகாரம் இல்லை. வாக்குச்சீட்டு தருவது முதலாவது அதிகாரத்தை. இரண்டாவதற்குத் தனியாகக் கேட்கவேண்டும். கேட்பது முடியாத காரியமும் அல்ல. கடல் அரிப்புக்கான ஈட்டுத்தொகையைத் துறைமுகம் கட்டுபவர் கல் போடுமுன்பே வங்கியில் கட்டட்டும். அரிப்பை அளப்பவர்களை இரு தரப்பும் சேர்ந்து நியமிக்கட்டும். கரை ஊர்களுக்கு நிறுவனத்தில் பங்கு இருக்கட்டும், லாபத்திலும் நட்டத்திலும். கிராம சபையின் முன் ஒப்பந்தம் தமிழில் முழுதாக வாசிக்கப்படட்டும். வள்ளத்தில் பங்கு பிரிக்கத் தெரிந்தவர்களுக்கு இந்தக் கணக்கு புரியும்.

தேங்காய்ப்பட்டணம் மீன்பிடித் துறைமுகத்தின் நுழைவாயிலில் மணல் மேடிட்டு, அலையில் வள்ளங்கள் கவிழ்ந்து மீனவர் பலர் இறந்திருக்கிறார்கள். அலைத்தடுப்புச் சுவரைத் திருத்தி நீட்டவேண்டும், மணலைத் தூர்வாரவேண்டும் என்று ஆண்டுகளாகக் கேட்கிறார்கள். இந்த அச்சத்துக்கும் கடலின் வழக்கமான ஆபத்துக்கும் சம்பந்தமில்லை. ஆழ்கடலைத் தாண்டி வந்தவன், கரை கண்ணுக்குத் தெரியும் இடத்தில், அரசு கட்டிய சுவருக்குள் நுழையும்போது சாவது கணபதிதேவர் பிரித்த இரண்டில் முதலாவது வகை அச்சம். அந்த வாயிலைச் செப்பனிட ஆகும் செலவை, இனிப் போடப்படும் முதலீட்டு ஒப்பந்தங்களின் முதல் பக்கத்தில் எழுதலாம்.